ஏழு மீட்டர் ஆரம்

சாயநேரியில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு, பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில், அரசு மேல்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர் சண்முகவடிவும் அதே பள்ளியின் பி.டி. சார் கோமதிநாயகமும், தாலி கட்டிய புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே டி.வி.எஸ். ஃபிப்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பள்ளிக்கூடம் வந்துகொண்டு, இரண்டு வருஷமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள்.

பேசித்தான் ஆக வேண்டும் என்று ஏதாவது வந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அந்த ஆள் நாங்கள்தான், பத்தாம் வகுப்பு அ பிரிவு. சார் ஒரு முழம் தள்ளி நிற்பார். டீச்சர் எங்களைப் பார்த்து, "பி.டி. சார்ட்ட சொல்லுங்க, சாயங்காலம் காஸ் வருது, வீட்டுல ஆள் இருக்கணும்" என்பார். நாங்கள் கழுத்தை மட்டும் திருப்பி, "சார், சாயங்காலம் காஸ் வருதாம்" என்போம். "சரின்னு சொல்லு" என்பார் சார். "சரியாம் டீச்சர்" என்போம். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். அவர்களுக்கு ஒரே மகள், ஆவுடை. கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனை விரும்பி, ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று டீச்சர் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர் தன் கணவர் என்பதையும், கோகோ டீமைக் கூட்டிக்கொண்டு திருச்சி போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் உண்மையில் போனது அங்கேதான் என்பதையும், நெத்திலி வாங்கப் போன இடத்தில் மீன்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். நெத்திலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், ஆய்ந்தார், குழம்பு வைத்தார், தட்டில் போட்டு கணவர் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு பேசவில்லை.

முதல் இடைப்பருவப் பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்த அன்றைக்கு, வட்டம் என்ற பாடத்தில் எங்களில் பாதிப் பேர் மண்ணைக் கவ்வியிருந்தோம். கரும்பலகையில் போட்டால் இவர்களுக்கு அது முறுக்கு மாதிரிதான் தெரிகிறது என்று டீச்சர் எங்களை விளையாட்டு மைதானத்துக்கு இழுத்துப் போனார். ஏழு மீட்டருக்குக் கயிறு அளந்து வெட்டினார். ஏழு என்றால் பரிதி நாற்பத்து நான்கு என்று தசமப்புள்ளி இல்லாமல் வரும், அதற்காக. நடுவில் முளைக்குச்சி அடிக்கப் பார்த்தோம், மழையில்லாத மண், குச்சிதான் பிளந்தது. வேப்பமரத்தடியில் விசிலோடு நின்ற சாரை டீச்சர் பார்த்தார்.

"பி.டி. சாரை நடுவுல வந்து இந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க."

"சார், நடுவுல வந்து நிக்கணுமாம்."

"எம்புட்டு நேரம்னு கேளு."

"ஒரு சுத்து முடியுத வரைக்கும்னு சொல்லுங்க."

சார் வந்து நின்றார். டீச்சர் கயிற்றின் மறுமுனையை இடது கையில் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுண்ணாம்புப் பொடியை விட்டுக்கொண்டே நடந்தார். தொடங்கின இடத்தில் கோடு வந்து சேர்ந்ததும், "பார்த்துக்கிடுங்க, இதுல எங்க நின்னாலும் மையத்துக்குத் தூரம் ஒண்ணுதான்" என்றார். மணி அடித்தது. சத்துணவுக்கு ஓடினோம். குறுக்கே ஓடினவர்கள் எல்லோரும் கோட்டைத் தொட்டதும், வாய்க்கால் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல, அந்த வளைவோடு வளைவாக ஓடி மறுபக்கம் போய்ச் சேர்ந்தோம். யாருக்கும் அடிபடவில்லை. பசி நேரம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

சார் சாப்பிடக் கிளம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் ஓர் அடி வைத்தால் கோடும் ஓரடி நகர்ந்தது. புழுதி மேல், கல் மேல், சிமெண்டுப் படி மேல் வெள்ளைக் கோடு சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற ஆட்கள் எல்லாம் தாங்கள் பின்னால் போவது தெரியாமலே பின்னால் போனார்கள். தலைமையாசிரியர் சாமுவேல்துரை, "ஓய் கோமதிநாயகம், இங்க வாரும்" என்று கூப்பிட, சார் அவரை நோக்கி நடக்க, அவர் பேசிக்கொண்டே தன் அறை, வராண்டா, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் கடந்து காம்பவுண்டுச் சுவரோரம் போய் நின்று, "அங்கேயே நில்லும்" என்றார். சுவர், கதவு, ஆடு, நாய், காக்கை, பந்து இதற்கெல்லாம் கோடு ஒன்றும் செய்யவில்லை. மனிதர்களால்தான் ஏழு மீட்டருக்கு உள்ளே வர முடியவில்லை. வலுவான பையன்களை வரிசையாக நிறுத்திக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தோம். அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று முக்கினார்கள், சார் உள்ளே நின்று முக்கினார், கடைசியில் கயிறு அறுந்தது.

அன்று சாயங்காலம் சார் வீட்டுக்குப் போனார். அவர் வாசல்படியில் கால் வைத்ததும் அடுப்படியில் நின்ற டீச்சர், கையில் கரண்டியோடு பின்வீட்டுக் கொல்லையில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். சார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கொடியில் கிடந்த ஒரு கைலியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடுவில் இருக்கும் விளையாட்டுச் சாமான் அறைக்குப் போய்விட்டார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கொஞ்ச நாள் பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் வைத்து வந்து பார்த்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை, தள்ளி ஓர் ஆள் நிற்கிறார் என்றதும் போய்விட்டார்கள். பிறகு, இருப்பதை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர்கள் என்பதால், நாங்கள் அந்த வட்டத்தையும் வைத்துப் பிழைத்தோம். குழாயடியில் குடம் பறக்கும் சண்டை வந்தால் யாராவது ஓடிப்போய் சாரைக் கூட்டி வருவார்கள். அவர் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றால் போதும், இவள் ஏழு மீட்டர் அந்தப் பக்கம், அவள் ஏழு மீட்டர் இந்தப் பக்கம், வைகிற வசவு பாதி காற்றில் போய்விடும். கோயில் கொடையின்போது சாமியாடி முன்னால் கூட்டம் நெருக்கியடித்தால் சாரைத்தான் முன்னால் நடக்கவிட்டார்கள். முடிவெட்டுகிறவரால் கிட்டே வர முடியாததால் சாருக்கு முடி பிடரியை மூடியது, தாடியும் வளர்ந்தது. வெளியூர்க் கிழவி ஒருத்தி அவரைச் சித்தர் என்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை உருட்டிவிட்டுப் போனாள். ரேஷன் கடையில் அவர் வந்தால் வரிசை கலைகிறது, அவர்தான் முதலில் வாங்குகிறார் என்று ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதற்காகவே அவர் கடை அடைக்கும் நேரமாகப் பார்த்துப் போனார். அப்போதும் கடைக்காரர் அரிசியை நிறுத்து வைத்துவிட்டு ஆற்றங்கரைவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

தலைமையாசிரியர் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினார். 'எமது பள்ளி உடற்கல்வி ஆசிரியரைச் சூழ்ந்துள்ள வட்டத்தை அகற்றித் தருமாறு பணிந்து வேண்டுகிறேன்' என்பது அதன் சாரம். நான்கு மேசை தாண்டி அதற்குப் பதில் வந்தது: 'தங்கள் வட்டத்தைப் பிரித்துப் புதிய வட்டம் அமைப்பது தொடர்பான கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது, வட்டாட்சியரை அணுகவும்.' தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இரண்டு வட்டம் ஆனால் என்ன செய்வது என்று பயந்து மேற்கொண்டு எழுதவில்லை.

எங்கள் கவலை வேறாக இருந்தது. டீச்சர் வழக்கம்போல எங்களைப் பார்த்து, "பி.டி. சார்ட்ட சொல்லுங்க, சாப்பாடு கொண்டாந்திருக்கேன்" என்பார். வகுப்புத் தலைவி மகராசி கோட்டோரம் போய் நின்று, தொண்டை கிழிய, "சார், சாப்பாடு வந்துட்டு!" என்பாள். "என்ன கொழம்புன்னு கேளு!" என்று அங்கிருந்து குரல் வரும். மூன்றாம் நாளே மகராசிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"டீச்சர்," என்றாள் அவள், கம்மின குரலில், "நான் நிக்கித இடத்துலதான் நீங்களும் நிக்கீய. நான் கத்துனாலும் நீங்க கத்துனாலும் சாருக்குத் தூரம் ஒண்ணுதானே டீச்சர். நீங்கதானே நடத்துனீய."

விடை சரியாக இருந்தது. சரியான விடையை மறுக்கிற பழக்கம் டீச்சருக்குக் கிடையாது. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார், தொண்டையைச் செருமினார், மைதானத்துக்கு அந்தப் பக்கம் கடைத்தெருவரை கேட்கும்படி, "புளிக்கொழம்பு! வேணுமா, வேண்டாமா?" என்று கத்தினார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் கணவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சார் "வேணும்!" என்றார்.

முதலில் தூக்குச்சட்டியைக் கோட்டருகே வைத்துவிட்டு டீச்சர் நிற்பார், சார் வந்து எடுப்பார். ஆனால் அவர் எடுக்க முன்னால் வர வர, டீச்சர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். ஒருவருக்குச் சோற்றை வைத்துவிட்டு, அவர் அதை எடுக்க வரும்போது விலகிப் போவது டீச்சருக்குப் பிடிக்கவில்லை. என்ன மாதிரி ஊரில் பிறந்தோம் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காட்சியை அவர் வேறு தெருமுனைகளில் பார்த்திருக்கிறார். மறுநாள் சோற்றை இலையில் இறுகக் கட்டினார். "நில்லுங்க. நகராதீய," என்று சொல்லிவிட்டு எறிந்தார். அது நாலு மீட்டரில் விழுந்தது, நாய் தின்றது. அதற்கடுத்த நாள் எறிந்தது சாரின் தலைக்கு மேல் போய் வேப்பமரத்தில் மாட்டியது.

எனவே அடுத்த பாடம் இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் என்று பாடப்புத்தகம் சொன்னபோது எங்களுக்கு யாரும் அவசியத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. "எறிஞ்ச சாமான் போற வழிக்குப் பரவளையம்னு பேரு," என்றார் டீச்சர். "கைமட்டத்துல, தரைக்கு இணையா ஒரு கோடு போட்டுக்கோங்க. ஒரு மூலம் பூச்சியம், அது ஏங் கை. இன்னொரு மூலம் ஏழு, அது உங்க சார் கை. நடுவுல மூணரையில உச்சி. நாப்பத்தஞ்சு டிகிரியில எறிஞ்சா உச்சி எம்புட்டு உயரம்?" கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து இணைத்தோம். ஒன்றே முக்கால் மீட்டர் என்று வந்தது. மூன்றரை மீட்டரில் ஒரு கம்பு நட்டு, கைமட்டத்திலிருந்து ஒன்றே முக்கால் மீட்டரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினோம். டீச்சர் துணியைப் பார்த்து எறிந்தார். பொட்டலம் துணியை உரசிக்கொண்டு போய் சாரின் இரண்டு உள்ளங்கைகளிலும் உட்கார்ந்தது. நாங்கள் கைதட்டினோம். அந்த வருஷம் எங்கள் பள்ளியில் பரவளையத்தில் தோற்றவர்கள் யாருமில்லை.

நீளமாக ஒரு தொரட்டிக் கம்பில் மாட்டி நீட்டினால் வேலை எளிதாக முடியுமே என்று வாட்ச்மேன் சொன்னார். டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் அதற்குப் பிறகு அதைச் சொல்லவில்லை.

இப்படியாக ஊருக்கு மத்தியானப் பொழுதுபோக்கு ஒன்று கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் தையல்கடை வைத்திருந்த மைதீன் அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிடுவார், பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காக. பெரும்பாலும் உப்பு, காரம், வீட்டு வரி, மோட்டார் காயில் எரிந்துபோனது, இவைதான் பேச்சு. எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்ததால், அவர்கள் வீட்டு மோட்டாருக்கு என்ன கோளாறு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் டீச்சர் அவித்த முட்டையை எறிந்தார், சார் பிடித்தார், தோலை உரிக்கத் தொடங்கினார், அப்போது முன்னும் பின்னும் ஏதும் இல்லாமல் டீச்சர் கேட்டார்.

"ஏன் ஏங்கிட்ட சொல்லலை?"

சார் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எது என்று அவர் கேட்கவில்லை.

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப!"

"சொல்லியிருப்பேன்! சொல்லிட்டு நானும் கிளம்பி வந்திருப்பேன்!"

மைதீன் மெஷினை மிதிக்கவில்லை. சார் அந்த முட்டையை அன்று சாப்பிடவில்லை என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

ஐப்பசி பிறந்தபோது மகள் ஆவுடையிடமிருந்து போன் வந்தது. டீச்சர் கோட்டில் நின்றபடி ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுசாக வைத்து, கையை நீட்டிப் பிடித்தார். ஆவுடைக்கு எட்டாம் மாதம் நடந்தது.

"அம்மா, தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வரணும்னு இருக்கு," என்றாள் ஆவுடை. "ஆனா அப்பா விளையாட்டு ரூம்ல, நீ வீட்டுலன்னா நான் வரலை."

"அது வட்டம்ட்டி. அப்பா வந்தா வீட்டுல யாரும் இருக்க முடியாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. ஏம்மா, இந்த ஏழு மீட்டர் எனக்குப் புதுசா? நான் ஒம்பதாவது படிக்கும்போதே நீங்க ரெண்டு பேரும் அப்படித்தான் இருந்தீய. நீ பேப்பர் திருத்துவ, அப்பா மொட்டை மாடியில நிப்பாங்க. நான்தான் நடுவுல ஓடிக்கிட்டுக் கிடந்தேன். ஏம் பிள்ளையையும் அப்படி ஓட விடமாட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

டீச்சர் நீட்டின கையை மடக்கவில்லை. சார்தான் முதலில் பேசினார். "நான் எங்கயாவது போயிடுதேன் வடிவு. அவ வந்து நல்லபடியா பெத்துட்டுப் போகட்டும்." அவருக்கு இயல்பாகவே உரத்த குரல். ஆனால் அதை அவர் கத்திச் சொல்லவில்லை, அதனால் பாதிதான் கேட்டது. பாதியே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில், பால்வண்டி போன பிறகு, சார் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சாயநேரி பஸ் ஸ்டாண்டு என்பது ஒரு புளியமரமும், ஒரு டீக்கடையும், பஸ் திரும்புகிற அளவுக்கு ஒரு பொட்டலும்தான். தகவல் கேட்டு டீச்சர், வாரின தலையைப் பின்னக்கூட இல்லாமல், வந்து கோட்டில் நின்றார். அவரோடு நாங்களும் வந்தோம்.

"எங்க போறீய?"

"தென்காசிக்கு. அங்க இருந்து எங்கயாவது."

"போங்க," என்றார் டீச்சர்.

தென்காசி பஸ் வந்து நின்றது. சார் ஏறினார். ஏறினதும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும், கூடையும் கோழியும் கைக்குழந்தையுமாக, பொட்டலில் நின்றார்கள். டிரைவரும் நின்றார், கை மட்டும் ஸ்டியரிங் பிடித்த மேனிக்கு இருந்தது. காலிப் பஸ்ஸில் சார் ஜன்னலோரம் ஓர் இருக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முன்னால் பார்த்தார். பிறகு எழுந்து இறங்கினார்.

"நடந்து போறேன்," என்றார்.

"எங்க நடப்பீய? போற வழியெல்லாம் ஊரு. எத்தனை வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு நடப்பீய?"

சார் பையைக் கீழே வைத்தார். பள்ளிக்கூடத்தில் கைகால் ஒடிந்த பையன்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற மனிதர். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, விசிலை எடுத்து வாயில் வைத்தார், ஊதாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

டீக்கடைக்காரியின் வெள்ளாடு அந்த நேரம் கத்திற்று. நல்ல நீளக் கயிற்றில் ஒரு கல்தூணில் கட்டியிருந்த ஆடு, விடிந்ததிலிருந்து ஒரே பக்கமாகத் தூணைச் சுற்றிச் சுற்றி மேய்ந்து, கயிறெல்லாம் தூணில் சுற்றிக்கொள்ள, இப்போது மூக்கு தூணில் உரச, மேலும் ஓர் அடி எடுத்துவைக்க இடமில்லாமல் நின்றது. "சனியனே, தினம் உனக்கு இதே சோலி," என்று டீக்கடைக்காரி வந்து அவிழ்க்கக் குனிந்தாள்.

"அவுக்காதீய," என்றார் டீச்சர்.

அந்த ஆட்டை டீச்சர் பார்த்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஒரு மனுஷி ஓர் ஆட்டைப் பார்த்திருக்க மாட்டாள். தூணைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், ஆடு நடந்த தடத்தைப் புழுதியில் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்துத் திரும்பினார்.

"அங்கயே நில்லுங்க. உங்க இடுப்புச் சுத்தளவு என்ன?"

சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "தெரியலை."

"முப்பத்தாறு இஞ்சு டீச்சர்!" என்றார் மைதீன், கூட்டத்திலிருந்து. "ஆனி மாசம்தான் பேண்ட் தச்சேன்."

"தொண்ணூத்தியொரு சென்டிமீட்டர். ஏழு மீட்டரை அதால வகு மகராசி."

மகராசி மண்ணில் குத்துக்காலிட்டு விரலால் எழுதினாள். "ஏழு புள்ளி ஆறு ஒம்பது டீச்சர்."

"ஏழு முழுச் சுத்து, அப்புறம் முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி," என்று தனக்குள் சொல்லிக்கொண்ட டீச்சர், லாரிக்காரர் ஒருவரிடமிருந்து பாரம் கட்டும் கயிற்றை வாங்கி அளந்து வெட்டி, ஒரு நுனியைச் சாரிடம் எறிந்து, இடுப்பில் இறுக்கிக் கட்டச் சொன்னார். டீக்கடைக்காரியிடம் கோலப்பொடி டப்பாவை வாங்கிக்கொண்டார். பிறகு பொட்டலைச் சுற்றி நடந்து, எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, சாருக்குப் பின்பக்கமாக ஓர் இடத்தில் நின்று கயிற்றை விறைப்பாக்கினார்.

"கையை மேல தூக்கிக்கிடுங்க. திரும்பக்கூடாது. அன்னைக்கு நான் நடக்க நடக்க நீங்களும் என் பக்கமே திரும்பிக்கிட்டு இருந்தீய, அதான் வட்டம் மூடிக்கிட்டுது. இன்னைக்கு நான் எங்க இருந்தாலும் நீங்க நேராப் பார்த்து நில்லுங்க."

"நீ பின்னால போனாலுமா?"

"போனாலும்."

பி.டி. சார் எங்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த அந்த நிற்பை நின்றார், கை மட்டும் மேலே. டீச்சர் பொடியை விட்டுக்கொண்டே நடந்தார். ஒரு சுற்று முடிந்தபோது கயிறு சாரின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கோட்டின் நுனி, தொடங்கின இடத்தில் போய்ச் சேராமல், இரண்டு முழம் உள்ளே தள்ளி வந்து நின்றது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். டீச்சர் நின்ற இடத்தையும் பார்த்தோம். டீச்சர் பழைய வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நின்றார்.

பஸ் டிரைவர் மெதுவாக, "நேரமாகுதுதான், பரவாயில்லை," என்றார்.

இரண்டாம் சுற்றில் டீச்சர் கேட்டார், "அந்தப் பையன் எப்படி?"

"நல்ல பையன். தோசை நல்லா சுடுவான்."

"உங்களுக்குச் சுட்டுக் கொடுத்தானாக்கும்."

"நாலு கொடுத்தான்."

சுற்று முடிந்தது. ஒருவர் கோபமாக இருப்பது அவருடைய நடையில் தெரியும் என்றால், டீச்சருடைய நடையில் அது தெரிந்தது. ஆனால் கயிறு ஓரிடத்திலும் தொய்யவில்லை.

"கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டியிருந்தா?"

"மயில்கழுத்து நிறத்துல. உன்னுதுதான். பீரோவுல இருந்து எடுத்துக்கிட்டுப் போயிருக்கா."

டீச்சர் அப்போது சாரின் முதுகுப் பக்கம் இருந்தார். நடை நின்றது. பொடி மட்டும் கையிலிருந்து ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டிச் சின்னக் குவியலாகிற்று. என்ன நடக்கிறதென்று சாருக்குத் தெரியாது. அவர் தோள்பட்டை திரும்பத் துடித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். திரும்பவில்லை. நேராகப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் பொடி மறுபடி நகர்ந்தது.

"அழுதாளா?"

"அழுதா. அம்மா வரலையான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீய?"

"உனக்கு உடம்புக்கு முடியலைன்னு சொன்னேன்."

"அதுவும் பொய்யி."

"ஆமா."

இதை அவர்கள் கத்தவில்லை. தூரம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கத்த வேண்டிய அவசியம் இல்லை. மைதீன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். டீக்கடைக்காரி அடுப்பைத் தணித்தாள். ஐந்தாம் சுற்றில் டீச்சர் ஏதோ கேட்டார், சார் "பயந்துட்டேன்" என்றார். யாருக்குப் பயந்தார், எதற்குப் பயந்தார் என்பது எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆறாம் சுற்றில் சார் ஏதோ சொல்ல, டீச்சர், "அதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன?" என்றார், கூடவே ஒரு சிரிப்பா, மூக்குறிஞ்சலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தமும் கேட்டது. அதற்குமேல் நாங்கள் கிட்டே போய்க் கேட்கலாம் என்று பார்த்தால், பழைய கோடு எங்களுக்கு அப்படியேதான் இருந்தது. கோட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். எல்லோருக்கும் தூரம் ஒன்றுதான்.

ஏழாம் சுற்றில் டீச்சர் கையை நீட்டினால் சாரைத் தொடலாம் என்ற அளவில் நடந்தார். தொடவில்லை, மிச்சமிருந்த சுற்றையும் நடந்து முடித்தார். கணக்கு தப்பவில்லை. கயிறு தீர்ந்த இடம் சாரின் முகத்துக்கு நேர் எதிராக இருந்தது. கயிற்றின் நுனி டீச்சரின் கையில் ஒரு விரல்நீளம் மிச்சம் இருந்தது. மேலே தூக்கிய கையை இறக்கலாமா என்று சார் கண்ணால் கேட்டார். டீச்சர் தலையசைத்தார். இறக்கிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு ஒன்றை டீச்சரின் பின்னாத தலைமேல் வைத்தார்.

அன்று இரவுக்குள் கோடு எங்களுக்கும் அழிந்துபோயிற்று. அடுத்த வாரம் ஆவுடை வந்தாள், அவள் புருஷன் ஒரு தோசைக்கல்லோடு வந்தான், கார்த்திகையில் ஆண்பிள்ளை பிறந்தது, மருந்து வாசனையோடு அதைச் சார் இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கினார். அதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அன்று பொட்டலில் அதற்கு மேல் நடந்தது இவ்வளவுதான்: டீச்சர் முகத்தை நிமிர்த்தி எதையோ சொல்லத் தொடங்கினார், சார் குனிந்து கேட்டார், டீச்சர் வெகுநேரம் சொன்னார். மாதக்கணக்கில் அந்த வீட்டு உப்பிலிருந்து மோட்டார்வரை கேட்டுப் பழகிய சாயநேரி முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டியும், எங்களுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.